எதிர்க்கடை நீலத் திரை

ஆனந்தவள்ளிக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, ஐம்பதை நெருங்கியும் மூட்டுவலிகூட எட்டிப் பார்க்கவில்லை. இருந்தது ஒரே வியாதிதான். அதன் பெயர் சகாயராணி.

திருச்சி கோர்ட்டுக்குப் பின்னால் போகிற சந்தில், வக்கீல் ஆபீஸ்களுக்கும் டீக்கடைகளுக்கும் நடுவே, இருபத்தொரு வருஷமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறாள் ஆனந்தவள்ளி. எட்டடிக்குப் பத்தடி இடம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி படுத்துக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகத் தருகிற ஒரு ஃபேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து எட்டு மணிக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவாள்.

திங்கட்கிழமை அவளுக்குத் திருவிழா. கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். முசிறி, மணப்பாறை, வையம்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் முதல் பஸ் பிடித்து வந்து அவள் கடை வாசலில் நிற்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள். பங்காளியைத் திட்டுவதையும் மூக்கைச் சிந்துவதையும் வடிகட்டிவிட்டு, விஷயத்தை மட்டும் ஒரே பக்கத்தில் இறக்கிவிடுவாள். அவள் கை அப்படி. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் பழைய டைப்ரைட்டர் கீபோர்டு முறையிலேயேதான் அடிப்பாள். எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. விரல்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் அவளிடம் உண்டு. தாளின் வலது மேல் மூலையில் நான்கு விரல் அகலம் இடம் விட்டுவிட்டுத்தான் மனுவை ஆரம்பிப்பாள். மனு வாங்குகிற இடத்தில் குத்துகிற ரப்பர் முத்திரை அந்த வெற்றிடத்தில் போய்ச் சுத்தமாக விழும். இடம் இல்லாவிட்டால் முத்திரை எழுத்தின் மேல் விழும். பிறகு நகல் எடுத்தால் பெயரும் தெரியாது, சர்வே நம்பரும் தெரியாது, மனுக்காரருக்குத்தான் அலைச்சல். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை.

இனி வியாதிக்கு வருவோம். சகாயராணி பாலக்கரைக்காரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரே இன்ஸ்டிட்யூட்டில், அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து இவளோடு டைப்ரைட்டிங் படித்தவள். ஹையர் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்றாவதில் எப்படியோ கரை சேர்ந்தவள். அப்பேர்ப்பட்டவள் நான்கு வருஷத்துக்கு முன்பு, ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி, நேர் எதிரே கடை போட்டாள். கண்ணாடிக் கதவு, ஏசி, மூன்று கம்ப்யூட்டர். பாஸ்போர்ட் போட்டோ, பேனர் டிசைன், ஆன்லைன் விண்ணப்பம். சந்துக்காரர்கள் இவளை "டைப்பு அம்மா" என்று கூப்பிட்டார்கள். அவளை "மேடம்" என்றார்கள். முதல் வகுப்பு அம்மா, மூன்றாவது முயற்சி மேடம்! இந்த அநியாயத்தை ஆனந்தவள்ளி எந்தத் திங்கட்கிழமை, எந்த மனுவில் எழுதிக் கொடுப்பது?

எதிர்க்கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வீச்சு குளிர்ந்த காற்று சந்தைத் தாண்டி இவள் காலில் வந்து படும். மற்றவர்களுக்கு அது இதமாக இருந்தது. இவளுக்குச் சுட்டது.

போன ஐப்பசியில் ஆனந்தவள்ளியின் கம்ப்யூட்டர் ஒரு செய்தியைக் காட்டியது. விண்டோஸ் பத்துக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது, அடுத்ததுக்கு மாறு. ஆனால் உன் மெஷினுக்கு அடுத்தது ஏறாது. சர்வீஸ் பார்க்கிற நசுருதீனுக்குப் போன் போட்டாள். சந்திலுள்ள எல்லாக் கடைக்கும் அவர்தான் வைத்தியர். முப்பத்தைந்து வயது, பொறுமைசாலி, கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதோடு சரி.

"புது மெஷின் வாங்கணும், இல்லாட்டி விண்டோஸ விட்டுட்டு லினக்ஸுக்குப் போயிடலாம்க்கா. லினக்ஸுக்குக் காசு கிடையாது. யார் வேணா உள்ள பிரிச்சுப் பாத்து, மாத்தி, தனக்கேத்த மாதிரி பண்ணிக்கலாம். அதனால அதுல ஏகப்பட்ட தினுசு இருக்கு."

"எது நல்லது?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. ஒரே அரிசிதான். ஒருத்தர் பொங்கல் பண்றார், ஒருத்தர் புளியோதரை பண்றார். யாருக்கு எது ஒத்துக்குதுன்னு பாக்கணும்."

ஒரு பென்டிரைவில் மூன்றை ஏற்றிக் கொடுத்தார். லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா. பென்டிரைவைச் செருகி, மெஷினில் எதையும் மாற்றாமலே அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். "ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நாள் உங்க வேலையையே செஞ்சு பாருங்க. எதுல கை நிக்குதோ அதச் சொல்லுங்க, உள்ள ஏத்திடறேன். உங்க மெஷின் பழசு, மெமரி நாலு ஜிபிதான். அதுக்கு மின்ட்டுல லேசான வகை ஒண்ணு இருக்கு, அதையே முதல்ல பாருங்க. டைப்ரைட்டர் கீபோர்டும் அதுல சேத்து வச்சிருக்கேன்."

மின்ட் என்றதும் புதினாத் துவையல் மாதிரி ஏதோ என்றுதான் நினைத்தாள். ஓட்டிப் பார்த்தால் ஒரு பகட்டும் இல்லை. பச்சையில் ஒரு சின்னம், கீழே ஒரு பட்டை, மூலையில் ஒரு மெனு. பழைய பட்டா மனு ஒன்றை அடித்துப் பார்த்தாள். விரல்கள் தடுக்காமல் ஓடின. பிரிண்டரும் முரண்டு பிடிக்காமல் தாளைத் துப்பியது. உபுண்டு அவள் மெஷினில் கொஞ்சம் மூச்சு வாங்கியது, மூடிவிட்டாள். மூன்றாவதைத் திறக்கவே இல்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கணவர் ரெங்கராஜிடம் அன்று மாலையே, "எனக்கு மின்ட்டுங்க, முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பிரிண்டருக்குத் தாள் தீர்ந்துபோய் எதிர்க்கடைக்குள் கால் வைத்தாள். சகாயராணியின் பெரிய திரையில் ஆழ்ந்த நீலம் ஒன்று மின்னியது. அவள் திரைக்குள் ஒரு ஜன்னலை மவுஸால் தள்ளினால் அது துணி மாதிரி அசைந்து போய் உட்கார்ந்தது. மூடினால் கரைந்து மறைந்தது.

"என்ன ராணி இது, புதுசா?"

"நசுருதீன் போட்டுக் குடுத்தாரு. ஃபெடோராவாம். நல்லாருக்குல்ல?"

அந்த "நல்லாருக்குல்ல" தான் போதாத காலம். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு சந்தைத் தாண்டுவதற்குள் ஆனந்தவள்ளியின் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஏசி அவளுக்கு, கண்ணாடி அவளுக்கு, மேடம் பட்டம் அவளுக்கு. சரி, அதெல்லாம் காசு கொடுத்து வந்தது. காசே இல்லாமல் கொடுக்கிற பொருளிலுமா அவளுக்கு ஒசத்தி, எனக்கு மட்டம்? ஊரில் இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே பச்சை இக்கரையில்தான் இருந்தது. அதனாலேயே அது பிடிக்காமல் போனது.

சனிக்கிழமை நசுருதீன் மின்ட்டை ஏற்ற வந்து உட்கார்ந்தார்.

"அது வேணாம். எதிர்க்கடையில போட்டீங்களே, அதப் போடுங்க."

"அக்கா, அவங்க மெஷின் புதுசு, பதினாறு ஜிபி. போட்டோ வேலை, பேனர் வேலை பாக்குறாங்க. உங்களுக்கு..."

"எனக்குப் பழைய கஞ்சி போதும்ங்கிறீங்க."

நசுருதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மின்ட்டுல உங்க கை நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு. அதனால? அவளுக்கு மட்டும் நீலம், எனக்குப் புதினாவா?"

அந்த மனிதர் அவள் மனுக்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்துவிட்டு ஃபெடோராவை ஏற்றினார். கிளம்பும் முன் சொன்னார்: "டைப்ரைட்டர் கீபோர்டு இன்னும் சேக்கலக்கா. டவுன்லோடு பண்ணணும், கொஞ்சம் நேரமாகும்."

அதே சமயம் எதிர்க்கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஒரு குடும்பமே இறங்கி உள்ளே போனது. ஆனந்தவள்ளியின் கண்ணும் காதும் அந்தக் குடும்பத்தோடு உள்ளே போய்விட்டன. "அதெல்லாம் இருக்கும், அன்னிக்கு அடிச்சுப் பாத்தேனே. நீங்க கிளம்புங்க" என்றாள். அன்றைக்கு அடித்துப் பார்த்தது மின்ட்டில், அதுவும் நசுருதீன் சேர்த்து வைத்திருந்த கீபோர்டில். இது அவள் மண்டைக்கு ஏறவில்லை. அவருக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்கு மணப்பாறை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. போய்விட்டார்.

மீதிப் பொழுதெல்லாம் ஜன்னல்களைத் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தது. கொஞ்சம் நின்று நின்றுதான் அசைந்தன, ஆனாலும் அசைந்தன. ஒரு வரி அடித்துப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை. நீலம் வந்துவிட்டதே, அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை ரெங்கராஜிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் தினத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "புதன்கிழமை மின்ட்டுன்ன?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை எட்டரைக்கு வாசலில் எட்டுப் பேர். முதல் ஆள் வீரம்மாள், வையம்பட்டிக்கு உள்ளே ஏதோ கிராமம். புருஷன் போன பிறகு அரை ஏக்கர் நிலத்தின் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டு ஏற்கெனவே ஒரு மனு கொடுத்தவள். அந்த ரசீதை மஞ்சள் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். "டைப்பு அம்மா, இன்னைக்கு எப்படியும் குடுத்துப்புடணும். அடுத்த வாரம் எம்மருமவளுக்குப் பிரசவம், நான் நகர முடியாது" என்றாள்.

"சொல்லுங்க பெரியம்மா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி ஆனந்தவள்ளி விரல்களை வைத்தாள். "அனுப்புநர்" என்று அடித்தாள். திரையில் வந்தது எந்த ஊர்ப் பாஷை என்றே தெரியவில்லை. தமிழ் எழுத்துதான், ஆனால் அவள் அடித்த எழுத்தில்லை. அழித்து மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே கூத்து. மெதுவாக, கட்டை கட்டையாகத் தேடி அடித்தாள். பத்து நிமிஷத்தில் ஒரு வரி வந்தது. அதற்குள் திரை வேறு அவ்வப்போது உறைந்து நின்று யோசித்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. சூடு இப்போதுதான் உறைத்தது.

நசுருதீனுக்குப் போன் போட்டாள். மணப்பாறையிலிருந்து இன்னும் கிளம்பவில்லை, மூன்று மணி ஆகும் என்றார். ஒரு மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள்.

மணி பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. "எதிர்க்கடைல அடிச்சுக்குவமா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டது அவள் காதில் விழுந்தது. இருபத்தொரு வருஷத்தில் இந்த வாசலில் யாரும் கேட்காத கேள்வி. ஆனந்தவள்ளிக்கு அழுகை வந்தது. எதிரே கண்ணாடிக்குப் பின்னால் சகாயராணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று இவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

வீரம்மாள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பார்வையைத்தான் ஆனந்தவள்ளியால் தாங்க முடியவில்லை. எழுந்தாள். "வாங்க பெரியம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைத் தாண்டினாள். பதினைந்து அடி தூரம்தான். அவ்வளவு நீளமான பதினைந்து அடியை அவள் அதுவரை நடந்ததில்லை.

"ராணி, எம்மெஷினு மக்கர் பண்ணுது. இவங்களுக்கு ஒரு மனு..."

"நீயே அடி வள்ளி" என்று சகாயராணி எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள். "என் கைக்கு ஒரு மனு முடிக்கவே ஒரு மணியாயிடும். மத்தவங்களையும் உள்ள வரச் சொல்லு, வெயில்ல எதுக்கு நிக்கணும்?"

கீபோர்டில் விரல் வைக்கும்போது ஆனந்தவள்ளிக்குப் பயமாக இருந்தது. இதுவும் அதே ஃபெடோராதானே? "அனுப்புநர்" என்று அடித்தாள். அனுப்புநர் என்றே வந்தது. பழைய டைப்ரைட்டர் முறை! பரீட்சையோடு அந்த முறையை விட்டுவிட்டு, தமிழில் தடவித் தடவி அடிக்கிற சகாயராணிக்கு இது எதற்கு என்று யோசிக்க நேரமில்லை. விரல்கள் பறந்தன. வீரம்மாளின் மனு ஆறு நிமிஷத்தில் முடிந்தது.

சேமிக்கப் போனபோது பெட்டி ஒன்று திறந்தது. அதில் வரிசையாக ஃபோல்டர்கள்: போட்டோ, பேனர், விண்ணப்பம். நான்காவது ஃபோல்டரின் பெயர் ஆனந்தவள்ளி.

கை தன்பாட்டுக்கு அதைத் திறந்தது. வள்ளி மனு 1, வள்ளி மனு 2 என்று நாற்பத்து மூன்று வரைக்கும் போனது. ஒன்றைத் திறந்தாள். அவளுடைய மனு. அவளுடைய வாக்கியங்கள். "மிகத் தாழ்மையுடன்" என்று எழுதாமல் நேரே விஷயத்துக்கு வருகிற அவளுடைய வழக்கம்கூட அப்படியே இருந்தது. அவள் ஜெராக்ஸ் மெஷின் படுத்துக்கொண்ட நாட்களில் மனுக்காரர்கள் நகல் எடுக்க இங்கே வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நகலைச் சகாயராணியும் எடுத்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து, அதே கீபோர்டு முறையில் அடித்துப் பழகியிருக்கிறாள். நான்கு வருஷமாக, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏசிக் குளிரில்.

திருடி என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் அவள் நெஞ்சுக்குள் இனித்த இனிப்பை என்னவென்று சொல்வது? தன்னைப் பார்த்து ஒருத்தி எரிந்திருக்கிறாள்! மேடத்துக்கே வயிறு எரிந்திருக்கிறது! ஸ்ரீரங்கத்தில் கோபுர தரிசனம் பண்ணுகிறபோதுகூட அவளுக்கு அப்படி நிறைந்ததில்லை. மீதி ஏழு மனுவையும் சத்தம் வருகிற மாதிரி, கட்டைகளைத் தட்டித் தட்டி அடித்தாள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு விரல் இடம் விட்டாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசி ஆளும் தாளோடு ஓடினார். வீரம்மாள் போகும்போது இருவரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

சகாயராணி ஒரு தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் திரையில் திறந்து கிடந்த ஃபோல்டர் மேல் போனது. முகம் சிவந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"இன்ஸ்டிட்யூட்டுலயே உன் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அதுலயே என் பேப்பர்ல தப்பு விழும்" என்றாள் சகாயராணி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உன்ன மாதிரியேதான் அடிக்கிறேன் வள்ளி. ஆனா திங்கக்கிழமை ஒருத்தரும் எங்கிட்ட வர மாட்டேங்குறாங்க. நான் எதை விட்டேன்னு நீயே சொல்லேன்."

ஆனந்தவள்ளி மனுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பல மனுக்களில் "பார்வை" என்கிற வரியை, வெறும் நம்பர்தானே என்று சகாயராணி விட்டிருந்தாள். இரண்டாம் தடவை மனு கொடுக்கிறவருக்குப் பழைய ரசீது எண்ணை அங்கே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது புது மனு கணக்கில் போய்விடும். அதைச் சொன்னாள். மூன்று மனுக்களில் தன் கையாலேயே அடித்தும் காட்டினாள். சகாயராணி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

வலது மேல் மூலையை ஆனந்தவள்ளி பார்த்தாள். நாற்பத்து மூன்றிலும் எழுத்து தாளின் உச்சியிலிருந்தே ஆரம்பித்தது. அந்த வெற்றிடத்தைச் சகாயராணி வீணாகப் போன இடம் என்று நினைத்து எழுத்தை மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். பார்த்ததைக் காப்பியடித்தாள், அது எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. தானும் நீலத்தை அப்படித்தான் காப்பியடித்தோம் என்பது ஆனந்தவள்ளிக்கு உறைக்காமல் இல்லை. நன்றாகவே உறைத்தது.

"அவ்வளவுதானா வள்ளி?" என்றாள் சகாயராணி.

தன் நாற்காலியைக் கொடுத்தவள். மோர் கொடுத்தவள். ஒரு பைசா கேட்காதவள். சொல்லிவிடலாம் என்று ஆனந்தவள்ளியின் வாய்வரை வந்தது.

"அவ்வளவுதான்" என்றாள். மோரைக் குடித்து முடித்தாள். உப்புக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதைக்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நசுருதீன் வந்து மின்ட்டை ஏற்றி, டைப்ரைட்டர் கீபோர்டைச் சேர்த்து, "அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் என்னை அனுப்புங்கக்கா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடித்துப் பார்த்தாள். கை நின்றது. நீலம் போய்ப் பச்சைச் சின்னம் வந்ததில் வருத்தம் எதுவும் தோன்றவில்லை.

அவர் போன பிறகு புது மனு ஒன்றை ஆரம்பித்தாள். திரையின் வலது மேல் மூலையில் நான்கு விரல்களை வைத்து அளந்தாள். அளக்கும்போதே தலையைத் திருப்பி எதிர்க்கடையைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சகாயராணி குனிந்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளி எழுந்து, தன் கம்ப்யூட்டரின் திரையைச் சந்துக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைத்தாள்.